நீலத்தொண்டை ஹில்ஸ்டாரும் சுக்கிராகா புதரும்: செரோ தெ ஆர்கோஸ் மலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

எக்குவடோர் நாட்டின் தென்மேற்கில், லோஹா, எல் ஓரோ என்ற இரண்டு மாகாணங்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் செரோ தெ ஆர்கோஸ் என்ற மலை இருக்கிறது. காற்றும் மழையும் அரித்து வளைவுகளாக நிற்கும் பாறைகள், இடையில் கட்டைப்புல், ஆங்காங்கே ஆரஞ்சு நிறப் பூக்களோடு முட்புதர்கள். 2017 ஏப்ரலில் பறவையியலாளர் ஃபிரான்சிஸ்கோ சோர்னோசா அங்கே ஓர் ஓசனிச்சிட்டைப் (ஹம்மிங்பேர்ட்) படம் எடுத்தார். இன்னும் முழு வளர்ச்சி அடையாத ஆண் பறவை. அறிவியலுக்குத் தெரிந்த எந்தச் சிற்றினத்தோடும் அது பொருந்தவில்லை. அவரும் யுவான் ஃபிரெய்லே, யோனாஸ் நில்சன், நீல்ஸ் கிராபே, எலிசா பொனாக்கோர்சோ ஆகியோரும் சேர்ந்து 2018-ல் அதைப் புதிய சிற்றினமாக அறிவித்தார்கள். ஓரியோட்ரோக்கிலஸ் சயனோலீமஸ் என்பது அதன் அறிவியல் பெயர். பொதுவழக்கில் நீலத்தொண்டை ஹில்ஸ்டார்.

அறிவித்த கட்டுரையிலேயே அதன் நிலைமையையும் சொல்லிவிட்டார்கள். மொத்த வாழிடம் சுமார் 114 சதுர கிலோமீட்டர். எண்ணிக்கை 750-க்கு மேல் இருக்காது. அழிவின் விளிம்பில் உள்ள இனமாகவே அதைக் கருத வேண்டும் என்றார்கள். ஆக, அறிமுகமாகும்போதே ஆபத்துப் பட்டியலோடு அறிமுகமான பறவை இது.

செய்தி உலகமெங்கும் போனது. பறவையின் கழுத்தில் மின்னும் கருநீலத்தைப் பற்றி நிறைய எழுதினார்கள். அது உட்கார்ந்து தேன் குடிக்கும் செடியைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி இருந்தால் அதிகம். அந்தச் செடியின் பெயர் சுக்கிராகா ஜுஸ்யூயி. இந்தப் பறவையின் முதன்மை உணவு அதன் தேன்தான். செரோ தெ ஆர்கோஸில் நடப்பதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் செடியிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. எக்குவடோரிலும் பெருவிலும் பரவலாக வளரும், யாரும் அரிது என்று சொல்லாத ஒரு செடி. அதை நம்பி, வேறெங்கும் கிடைக்காத ஒரு பறவை. இந்த இரண்டும் எப்படி ஒன்றாகப் பொருந்துகின்றன என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

செடி

சுக்கிராகா என்பது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பேரினம். இருபதுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. வடக்கே ஆண்டிஸ் மலையின் நிலநடுக்கோட்டுப் பகுதியிலிருந்து தெற்கே படகோனியாவின் வறண்ட சமவெளி வரை பரவியிருக்கின்றன. தென் அமெரிக்காவுக்கு வெளியே ஒன்றுகூட இயற்கையாக வளர்வதில்லை. அர்ஜென்டினா தாவரவியலாளர் செசிலியா எஸ்குர்ரா 1985-ல் இந்தப் பேரினம் முழுவதையும் மறுஆய்வு செய்து ஒழுங்குபடுத்தினார். இன்றைக்குச் சுக்கிராகா பற்றி எழுதுகிற எவரும் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள்.

ஜுஸ்யூயி சிற்றினம் ஏறக்குறைய இடுப்பளவு, சில இடங்களில் நெஞ்சளவு உயரம் வளரும். தண்டு கட்டையாக இருக்கும். இலைகள் சிறியவை, தடித்தவை, தோல்போல் விறைப்பானவை, ஒவ்வொன்றின் நுனியிலும் ஊசி. அவை தண்டை மூடி ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கமாக அடுக்கியிருக்கும். கிளையை வெறுங்கையால் பிடிக்க முடியாது. சில உறவுச் சிற்றினங்களில் இலைக்கக்கத்திலும் தனி முட்கள் வரும். பகலில் நிலநடுக்கோட்டுச் சூரியன் நேராகச் சுட்டு, இரவில் உறைபனி விழும் இடத்தில் இப்படித் தடித்த சிறிய இலை வைத்திருப்பது செடிக்கு நல்லது. நீர் இழப்பும் குறையும், குளிர் தாக்கமும் குறையும்.

கிளை நுனியில் தனித்தனியாகப் பூ. ‘பூ’ என்று வழக்கத்துக்குச் சொல்கிறேன். சாமந்தியைப் பிய்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தக் குடும்பத்தில் ஒரு பூவாகத் தெரிவது உண்மையில் பல சிறுமலர்கள் சேர்ந்த சிரமஞ்சரி. சாமந்தியிலும் சூரியகாந்தியிலும் ஓரத்தில் உள்ள சிறுமலர்கள் நாக்காக நீண்டு இதழ்போல நிற்கும். சுக்கிராகாவில் கண்ணைப் பறிப்பது அது இல்லை. சிரமஞ்சரியைச் சுற்றியுள்ள பூவடிச்செதில்கள்தான் ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கின்றன. அடியில் குட்டையாகத் தொடங்கி உள்ளே போகப்போக நீண்டு, பல அடுக்காக, காய்ந்த காகிதம்போன்ற விறைப்போடு ஒரு கிண்ணமாக மேலெழுகின்றன. அதற்குள் குழல் வடிவச் சிறுமலர்கள் செங்குத்தாக நிற்கும். ஒவ்வொரு சிறுமலரிலும் மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு குழலாக இருக்கும். மகரந்தம் அந்தக் குழலுக்குள் விழும். கீழிருந்து வளரும் சூல்தண்டு அந்த மகரந்தத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். தேன் அடியில் இருக்கிறது. அதைத் தொட அலகை ஆழமாக நுழைக்க வேண்டும். நுழைக்கும்போது பறவையின் முகத்திலும் தொண்டையிலும் மகரந்தம் அப்பிக்கொள்ளும். அடுத்த பூவில் அது இறங்கும்.

செதில்கள் உதிராமல் நீண்டநாள் நிறம் மாறாமல் நிற்பதால், தேன் உள்ள பூவும் முடிந்த பூவும் ஒரே புதரில் கலந்து தெரியும். தொலைவிலிருந்து பார்க்கும் பறவைக்குப் புதர் எப்போதும் அழைப்பு விடுத்தபடியே இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் ஏதாவது ஒரு புதரில் பூ இருக்கும் என்பதுதான் உயர்மலையில் இதன் பெருமதிப்பு. மற்ற பூக்கள் பருவத்துக்கு வந்து போகும்.

எக்குவடோர் மக்களுக்கு இது புதிய செடி அல்ல. உலர்ந்த பூத்தலைகளை மூலிகைக் கடைகளில் விற்கிறார்கள். காய்ச்சலுக்கும், சிறுநீர்க் கோளாறுக்கும், மூட்டுவலிக்கும் கஷாயம் வைக்கிறார்கள். மலையேறிகள் இதைத் தங்கள் பூவாகவே சொந்தம் கொண்டாடுகிறார்கள். பெருவில் உறவுச் சிற்றினமான சுக்கிராகா ஸ்பினோசாவை ஹுவாமன்பிந்தா என்ற பெயரில் இதே போன்ற நோய்களுக்குப் பயன்படுத்துகிறார்கள்.

பேரினத்தை அறிவியலுக்கு முறையாக அறிமுகப்படுத்தியவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் அந்துவான் லோரான் தெ ஜுஸ்யூ, 1789-ல். அவருடைய சித்தப்பா ஜோசப் தெ ஜுஸ்யூ, பூமியின் வடிவத்தை அளக்க 1735-ல் புறப்பட்ட பிரெஞ்சுக் குழுவோடு இன்றைய எக்குவடோருக்குப் போனவர். குழு திரும்பிய பிறகும் அவர் திரும்பவில்லை. மலைமலையாக அலைந்து செடி சேகரித்து, 1771-ல் உடலும் மனமும் தளர்ந்துதான் பாரிஸ் வந்து சேர்ந்தார். அவர் சேகரித்தவற்றில் பெரும்பகுதி தொலைந்துபோனது. ஆண்டிஸ் தாவரங்களைப் பற்றிய ஐரோப்பிய அறிவுக்குப் பின்னால் இப்படிப்பட்ட இழப்புகள் நிறைய உண்டு.

குடும்பத்துக்குள் இதன் இடம்

பறவைக் கதையிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். இந்தச் செடியை ‘தேன் கொடுக்கும் புதர்’ என்று மட்டும் பார்த்தால் அதன் மதிப்பில் பாதி போய்விடும்.

1987-ல் அமெரிக்க அறிவியலாளர்கள் ராபர்ட் ஜான்சனும் ஜெஃப்ரி பாமரும் சூரியகாந்திக் குடும்பத்தின் பசுங்கணிக டிஎன்ஏவை ஒப்பிட்டார்கள். தாவரங்களின் பசுங்கணிகத்தில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் எழுத்துகள் கொண்ட ஒரு டிஎன்ஏ வளையம் உண்டு. அதில் சுமார் 22,000 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு, இந்தக் குடும்பத்துச் செடிகளில் தலைகீழாக மாறிக் கிடந்தது. ரயிலின் நடுவில் உள்ள சில பெட்டிகளைக் கழற்றி அப்படியே எதிர்த்திசையில் திருப்பி மாட்டியதுபோல. அவர்கள் பார்த்ததில் 57 பேரினங்களில் இந்தத் திருப்பம் இருந்தது. குடும்பத்தின் எல்லா இனக்குழுக்களும் அதில் அடக்கம். பர்னடேசியா, தாசிஃபில்லம், சுக்கிராகா என்ற சிறு தென் அமெரிக்கக் கூட்டத்தில் மட்டும் அது இல்லை. குடும்பத்துக்கு வெளியே உள்ள உறவுக் குடும்பங்களிலும் இல்லை.

இதன் பொருள் தெளிவு. குடும்பம் தோன்றியபோது டிஎன்ஏ பழைய வரிசையில்தான் இருந்தது. முதல் பிரிவிலேயே ஒரு கிளை பிரிந்து போனது. அதன் பிறகு மற்றக் கிளையில் ஒருமுறை திருப்பம் நிகழ்ந்தது. அந்தக் கிளையின் வாரிசுகள் அனைவரிடமும் அது இருக்கிறது. பூக்கடையில் கட்டும் சாமந்தி, வயல்வரப்பில் முளைக்கும் கரிசலாங்கண்ணி, வெட்டுக்காயத்தில் கசக்கிவைக்கும் மூக்குத்திப்பூ, ஊரெல்லாம் பரவிவிட்ட பார்த்தீனியம், எண்ணெய்க்கு விதைக்கும் சூரியகாந்தி என எல்லாம் அந்தத் திருப்பத்தைச் சுமக்கின்றன. சுக்கிராகா சுமக்கவில்லை.

இதை ஏற்று 1992-ல் கோரே பிரெமரும் ஜான்சனும் பர்னடேசியா கூட்டத்தைத் தனித் துணைக்குடும்பமாக்கினார்கள். பெரிய துண்டுக்குள்ளேயே சுமார் 3,300 எழுத்து நீளமுள்ள இன்னொரு சிறு திருப்பமும் இருப்பது 2005-ல் வெளிவந்தது. அதுவும் சுக்கிராகா கூட்டத்தில் இல்லை. சூரியகாந்திக் குடும்பத்தில் இன்று 25,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள். பர்னடேசியா துணைக்குடும்பத்தில் நூறுகூட இல்லை. அத்தனையும் தென் அமெரிக்காவில்.

இந்த இடத்தில் ஒரு தவறான வாசகம் அடிக்கடி வந்துவிடுகிறது: ‘சுக்கிராகாதான் சூரியகாந்தியின் மூதாதை.’ அப்படி இல்லை. இரண்டும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்த இரண்டு கிளைகளின் இன்றைய நுனிகள். சுக்கிராகாவும் அவ்வளவு காலம் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. பழைய வரிசையை டிஎன்ஏவின் ஒரு பகுதியில் காத்து வைத்திருப்பதால் செடி முழுவதும் பழையது என்று ஆகிவிடாது. ஓசனிச்சிட்டுக்கேற்ற அதன் ஆரஞ்சுக் கிண்ணமே அந்த மாற்றத்துக்குச் சான்று. பேரினத்தின் தெற்குச் சிற்றினங்கள் பலவற்றில் பூத்தலை சிறியது, மஞ்சள் நிறம், வருவது பூச்சி. வடக்கே உயர்மலைக்கு வந்த சிற்றினங்களில்தான் பெரிய ஆரஞ்சுத் தலையும் பறவை வருகையும்.

குடும்பத்தின் வயதைப் பற்றி ஆய்வுகள் தொடர்கின்றன. படகோனியாவில் பிச்சிலெஃபு ஆற்றுப் பகுதியில் கிடைத்து, 2010-ல் அறிவிக்கப்பட்ட சிரமஞ்சரிப் புதைபடிவத்தின் வயது சுமார் 4.75 கோடி ஆண்டுகள். அண்டார்டிகாவின் 7.6 முதல் 6.6 கோடி ஆண்டு பழைய பாறைகளில் கிடைத்த மகரந்தத்தை விவியானா பர்ரேடாவும் உடன் ஆய்வாளர்களும் 2015-ல் இதே பர்னடேசியா கூட்டத்தோடு இணைத்தார்கள். அந்த அடையாளத்தை எல்லோரும் ஏற்கவில்லை. 2019-ல் ஏராளமான மரபணுக்களை வைத்துச் செய்த கணக்கு, குடும்பம் சுமார் 8.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியதாகச் சொல்கிறது. அப்போது டைனோசர்கள் இருந்தன.

பறவை எப்படிப் பிழைக்கிறது

ஓசனிச்சிட்டுகளைத் தமிழில் பலர் தேன்சிட்டு என்றே எழுதிவிடுகிறார்கள். நம் முருங்கைப் பூவுக்கு வரும் தேன்சிட்டு வேறு குடும்பம். அது பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்துதான் தேன் குடிக்கும். ஓசனிச்சிட்டுகளோ அந்தரத்தில் நின்றபடி சிறகடித்துக் குடிப்பவை. ஹில்ஸ்டார்கள் இதற்கு விதிவிலக்கு. கால்கள் இந்தக் குடும்பத்துக்குப் பெரியவை. பூத்தலையின் ஓரத்தைப் பிடித்து, தொற்றிக்கொண்டு, சில சமயம் தலைகீழாகச் சாய்ந்து குடிக்கின்றன.

காரணம் காற்று. 3,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். மெல்லிய காற்றில் அந்தரத்தில் நிற்கக் கூடுதலாக உழைக்க வேண்டும். குளிரில் உடலைச் சூடாக வைத்துக்கொள்வதற்கே ஆற்றல் கரைந்துகொண்டிருக்கும்போது, உட்கார இடம் கொடுக்கும் பூ என்பது பெரிய சேமிப்பு. சுக்கிராகாவின் விறைப்பான செதில்களும் நெருக்கமான இலைகளும் அந்தப் பிடிமானத்தைக் கொடுக்கின்றன. மெல்லிய காம்பில் தொங்கும் பூ கொடுக்காது.

1970-களில் பெருவின் உயர்மலையில் லின் கார்ப்பென்டர் உறவுப் பறவையான ஆண்டிய ஹில்ஸ்டாரை விரிவாக ஆராய்ந்தார். அங்கே அதன் முக்கிய உணவுச்செடி சுக்கிராகா ஸ்பினோசா. பறவை பெரும்பாலான நேரம் உட்கார்ந்தே குடிப்பதையும், பாறை இடுக்குகளிலும் குகைகளிலும் இரவு தங்குவதையும், குளிர் இரவுகளில் உடல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்துக்கு நெருக்கமாக இறக்கிக்கொண்டு அசைவற்றுக் கிடப்பதையும் அவர் பதிவு செய்தார். அந்த நிலையில் உடல் செலவழிக்கும் ஆற்றல் வெகுவாகக் குறைகிறது. விடிந்ததும் மீண்டும் உடலைச் சூடாக்க வேண்டும். அதற்கு முந்தைய நாள் மாலை வயிறு நிறைந்திருக்க வேண்டும். சூடானதும் அருகிலேயே தேன் கிடைக்க வேண்டும்.

கூடும் பாறையோடு பிணைந்தது. மேலே பாறை கூரையாக நீண்டிருக்கும் செங்குத்துச் சுவரில், மழை படாத இடத்தில், நாரும் பாசியும் மயிரும் கொண்டு தடிமனான கிண்ணக் கூடு கட்டுகின்றன. பாறை பகல் வெப்பத்தை வாங்கி வைத்து இரவில் மெல்ல விடுவதால் கூட்டின் அருகே குளிர் சற்றுக் குறையும்.

இப்போது முதல் கேள்விக்கு விடை தெரியத் தொடங்கும். பறவைக்குச் சுக்கிராகா மட்டும் போதாது. சுக்கிராகா கூட்டமாக நிற்க வேண்டும், அதே பள்ளத்தில் கூட்டுக்கும் இரவுக்கும் ஏற்ற பாறை இருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே பறக்கும் தூரம் குறைவாக இருக்க வேண்டும். செடி பரவலானது. பாறையும் அரிதல்ல. இரண்டும் சேரும் இடம்தான் குறைவு.

ஏன் இந்த மலையில் மட்டும்

எக்குவடோரின் மற்றொரு ஹில்ஸ்டார், ஓரியோட்ரோக்கிலஸ் சிம்போராசோ, 1846-லேயே பெயர் பெற்றுவிட்டது. 6,263 மீட்டர் உயரமுள்ள சிம்போராசோ எரிமலையின் சரிவுகளில் பனிக்கோட்டுக்கு அருகே வரை, 5,200 மீட்டர் உயரத்திலும், அதைப் பார்த்திருக்கிறார்கள். அதற்கும் சுக்கிராகா ஜுஸ்யூயிதான் முதன்மைத் தேன்செடி. பூத்த புதர்களைத் தன் எல்லையாக வைத்துக்கொண்டு மற்ற ஓசனிச்சிட்டுகளை விரட்டும். ஓசனிச்சிட்டுகளிலேயே மிகப் பெரியதான ராட்சத ஓசனிச்சிட்டும் இதே பூவுக்கு வரும்.

தெற்கே லோஹாவிலும் வடபெருவிலும் இன்னொரு உறவு, ஓரியோட்ரோக்கிலஸ் ஸ்டோல்ஸ்மன்னி. நீலத்தொண்டை ஹில்ஸ்டார் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு மலைத்துண்டில் வாழ்கிறது. வடக்கே ஜுபோனெஸ் ஆற்றின் ஆழமான, வறண்ட பள்ளத்தாக்கு. உயர்மலைக் குளிருக்குப் பழகிய பறவைக்கு அந்தச் சூடான வறள்நிலம் கடலுக்குச் சமம். சுக்கிராகாவின் விதைகளுக்கு இறகுபோன்ற மயிர்க்கற்றை உண்டு. காற்று அவற்றைத் தூக்கிப் போகும். செடி தாண்டக்கூடிய இடைவெளியைப் பறவை தாண்டவில்லை.

தெற்கு எக்குவடோரின் ஆண்டிஸ் வடக்கைவிடத் தாழ்ந்தது என்பதும் இங்கே முக்கியம். மரவரிசைக்கு மேலே தொடங்கும் ஈரமான உயர்மலைப் புல்வெளியைப் பாராமோ என்கிறார்கள். சிம்போராசோவில் பாராமோவுக்கு மேலே இன்னும் ஆயிரம் மீட்டருக்கு மேல் மலை இருக்கிறது. நீலத்தொண்டை ஹில்ஸ்டார் காணப்படுவது சுமார் 3,300 முதல் 3,700 மீட்டர் வரை. அதற்கு மேல் அந்த மலைத்தொடரில் ஏற இடம் இல்லை என்றே சொல்லலாம். வெப்பம் கூடி மரவரிசையும் புதர்க்காடும் மேலேறினால் சிம்போராசோ பறவைக்கு ஒதுங்க உயரம் உண்டு. இந்தப் பறவைக்கு இல்லை. 114 சதுர கிலோமீட்டர் என்ற எண்ணைப் படிக்கும்போது அந்தப் பரப்பு முழுவதும் மலையின் உச்சிப்பகுதி என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தீ, மாடு, தங்கம்

கண்டறிந்த ஆய்வாளர்கள் முன்வைத்த ஆபத்துகள் மூன்று: தீ, மேய்ச்சல், தங்கச் சுரங்கம்.

ஆண்டிஸ் முழுவதும் பாராமோவுக்குத் தீ வைக்கும் பழக்கம் பழையது. காய்ந்த கட்டைப்புல்லை எரித்தால் அடியிலிருந்து இளம்புல் துளிர்க்கும், மாட்டுக்கு நல்ல தீனி. கட்டைப்புல்லுக்கு இது பெரிய இழப்பில்லை. அதன் வளர்முனை தரைக்கு அருகில், பழைய இலையடிகளுக்குள் பத்திரமாக இருக்கிறது. கட்டைத்தண்டுப் புதருக்குக் கதை வேறு. அதன் மொட்டுகளும் கிளைநுனிகளும் தீ உயரத்தில் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப எரிந்தால் நிலம் புல்லின் பக்கம் சாய்ந்துகொண்டே போகும். புல்வெளி பச்சையாக, பரந்து, கண்ணுக்கு அழகாகவே தெரியும். தேன் மட்டும் இருக்காது. செயற்கைக்கோள் படத்தில் ‘பாராமோ அப்படியே இருக்கிறது’ என்று பதிவாகும் இடத்தில் ஒரு ஹில்ஸ்டார்கூட வாழ முடியாமல் போகலாம். இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொண்ட மிக முக்கியமான செய்தி இதுதான்.

சுக்கிராகாவின் முள் மாட்டின் வாயைத் தடுக்கும். மாட்டுக்காக வைக்கும் தீயைத் தடுக்காது. மேய்ச்சல்காரர்களைக் குற்றவாளிகளாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்களுக்கு இந்த உயரத்தில் வேறு வருமானம் குறைவு. எரிக்காமலேயே தீனிக்கு வழி கிடைத்தால் எரிப்பது குறையும்.

தெற்கு எக்குவடோர் பாராமோக்களில் பைன் மரம் நட்டதும் நடந்திருக்கிறது. மரம் நடுவது எங்கும் நல்லது என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. நிழல் விழுந்த இடத்தில் சுக்கிராகா நிற்காது, மண்ணின் நீரும் குறையும்.

தங்கம்தான் மிகக் கடினமான பிரச்சினை. எல் ஓரோ மாகாணத்தின் சருமா பகுதி காலனிக் காலத்திலிருந்தே தங்கச் சுரங்கத்துக்குப் பெயர்போனது. 2021 டிசம்பரில் சருமா நகரத்துக்குள்ளேயே தரை உள்வாங்கிக் கட்டடங்கள் விழுந்தன. அனுமதியில்லாமல் குடைந்த சுரங்கங்கள் ஊருக்கு அடியில் வரை போயிருந்ததுதான் காரணம். இது செரோ தெ ஆர்கோஸ் மலையின்மேல் நடந்ததல்ல. ஆனால் ஒரு நகரத்தின் அடிமண்ணையே விட்டுவைக்காத தங்கவேட்டை, ஆளில்லாத உச்சிப் புல்வெளியை விட்டுவைக்கும் என்று நம்ப வழியில்லை. சுரங்கத்துக்குப் பாதை போட்டால் அதன் வழியே மாடும் போகும், தீயும் போகும்.

காப்பு எங்கே தொடங்க வேண்டும்

750-க்கும் குறைவான பறவைகளுக்காக ஒரு மலையைக் காக்கச் சொன்னால் எந்த ஊராட்சியும் தயங்கும். தண்ணீருக்காகச் சொன்னால் தயங்காது. பாராமோவின் கரிய மண் மழையையும் பனிமூட்டத்தின் ஈரத்தையும் பிடித்துவைத்து மெல்ல ஆறுகளுக்கு விடுகிறது. கீழே உள்ள ஊர்களின் குடிநீர் அங்கிருந்துதான் வருகிறது. இந்த வாதத்துக்கு எக்குவடோரிலேயே வலுவான முன்னுதாரணம் உண்டு. குவெங்கா நகரம் தன் குடிநீரில் பெரும்பங்கைக் காஹாஸ் தேசியப் பூங்காவின் பாராமோவிலிருந்து பெறுகிறது. 2021 பிப்ரவரியில் அந்த நகர மக்கள் தங்கள் ஆறுகளின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் சுரங்கம் வேண்டுமா என்று வாக்களித்தார்கள். சுமார் 80 சதவீதம் பேர் தடைக்கு ஆதரவாக நின்றார்கள். பாராமோவின் பூக்களோ பறவைகளோ அந்த வாக்குச்சீட்டில் இல்லை. ஆறுகளின் பெயர்கள்தான் இருந்தன. அதனால் கிடைத்த பாதுகாப்பு பூவுக்கும் பறவைக்கும் சேர்ந்தே கிடைத்தது.

செரோ தெ ஆர்கோஸிலும் இதே வழிதான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. தண்ணீருக்காகக் காக்கப்படும் பாராமோவில் புல் இருந்தாலே காவலர்களுக்குப் போதும், ஏனென்றால் புல்வெளி மண்ணும் நீரைப் பிடிக்கும். சுக்கிராகா இல்லாத நீர்ப்பிடிப்புப் பகுதியும் தண்ணீர்க் கணக்கில் வெற்றியே. ஆகவே நீர்ப் பாதுகாப்பு என்ற சட்டத்துக்குள் புதரைத் தனியாக எழுதிச் சேர்க்க வேண்டும். எந்தச் சரிவு எந்த ஆண்டு எரிந்தது, அங்கே பூக்கும் வயதுடைய சுக்கிராகா எத்தனை மிஞ்சியது என்பதை ஆண்டுதோறும் எண்ண வேண்டும். கூரைப் பாறைகளையும் கூடு இருந்த இடுக்குகளையும் தனி வரைபடமாக எடுக்க வேண்டும். இந்த இரண்டு வரைபடங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், பூவும் பாறையும் கூடும் பள்ளங்கள் எவை என்று தெரிந்துவிடும். அவை 114 சதுர கிலோமீட்டரில் சிறு பகுதியாகவே இருக்கும். மேய்ச்சல்காரர்களோடு பேசித் தீ வைக்காமல் இருக்க உடன்பாடு செய்ய வேண்டியதும், அதற்கான இழப்பீட்டை ஒதுக்க வேண்டியதும், சுரங்க உரிமம் எந்த வடிவிலும் வராமல் பார்க்க வேண்டியதும் முதலில் அந்தப் பள்ளங்களுக்குத்தான்.